கார்டில் இடம் கிடைக்காத டாயில்

விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஆரோக்கியராஜுக்கு வரப்போகும் மருமகன் வெள்ளைக்காரன் என்பதில் வருத்தமில்லை. அவன் பேரின் பின்பாதிதான் வயிற்றெரிச்சல். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் வெண்ணிலாவின் பாஸ்போர்ட்டில், சர்நேம் கட்டத்தில் அவர் பேர் இருந்தது. கல்யாணமானால் அதை எடுத்துவிட்டு டாயில் என்று போட்டுவிடுவார்கள் என்று ஆட்டோ ஸ்டாண்டே அடித்துச் சொன்னது.

திண்டிவனத்தில் அக்கா லூர்துமேரி வீட்டிலிருந்து மகளுக்கு வீடியோ கால் போட்டார். அக்காவுக்கு எந்தச் சம்பந்தமானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“டாயில்னா என்னா ஆளுங்கடி?”

“அப்படியெல்லாம் இல்ல அத்தை. ஆயிரம் வருஷம் முன்னாடி கப்பல்ல வந்து எறங்கினவங்கள அந்த ஊரு ஜனங்க ‘கறுத்த அந்நியன்’னு கூப்டாங்களாம். அதுவே பேரா நின்னுபோச்சு.”

வெண்ணிலா பக்கத்தில் மாப்பிள்ளை ஷான் டாயில் உரித்த பூண்டாட்டம் வெளுப்பாகச் சிரித்தான்.

“இவன் கறுப்பனா!” என்றாள் லூர்துமேரி. “வெளியாளுன்னு ஒதுக்கின பேரையா இவங்க இத்தினி வருஷமா சொமந்துக்கினு திரியறாங்க? நம்மள கூப்ட்ட பேரையெல்லாம் சேத்து வச்சிருந்தா பாஸ்போர்ட்டுல எடம் பத்தாது.”

ஆரோக்கியராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பக்கம் அப்பன் பேர் பிள்ளையின் இனிஷியலோடு சரி, பேரனுக்குப் போகாது. அவருக்கோ வெண்ணிலா ஒரே பெண். கல்யாணக் கார்டு அடிக்க நேராக அச்சகத்துக்குப் போனார்.

நான்கு நாள் கழித்து, கார்டுக்கட்டை வாங்கி வந்து அக்கா வீட்டில் பிரித்து, மகளுக்குப் படம் அனுப்பினார். உடனே போன் வந்தது.

“அப்பா, டாயில் எங்கப்பா?”

“மாப்பிள்ளையோட அப்பா பாட்ரிக்தானே? நம்ம வழக்கப்படி ‘பா. ஷான்’னு போட்டுட்டேன்.”

“அவங்க வீட்டுல பேஜாராயிடும்பா!”

“ஆயிரம் வருஷப் பேரு ஒரு கார்டுல இல்லன்னா செத்துப்பூடாது. எம் பேரு உன்னோட முடியுது. அதையும் எடுத்துட்டுப் போறியேம்மா.”

“யாருப்பா எடுத்தது? பேர மாத்த மாட்டேன்னு ஷான்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு.”

ஆரோக்கியராஜ் கட்டைப் பார்த்தார். ஐநூறு கார்டு.

“இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அக்கா, ஒரு பேனா குடு.”

முதல் கார்டை எடுத்து, ஷானுக்குப் பக்கத்தில் டாயில் என்று கையால் எழுதினார்.