சீனிவாசனின் குறையைச் சொல்லக்கூடியவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்ததல்ல, எட்டிப் பார்த்தது. எங்கள் காலனி நூலகத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் தத்துவ வகுப்பில் என் பக்கத்து நாற்காலி சீனிவாசனுடையது. "நட்பில்லாமல் நல்வாழ்வு கிடையாது. உங்கள் குறையை முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவர் பெயரை எழுதுங்கள்" என்றார் ஆசிரியை. எல்லோரும் எழுதினோம். சீனிவாசன் மட்டும் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சீனிவாசனுக்கு எதிலும் குறையில்லை. சொந்த ஃப்ளாட், பெங்களூரில் மகள், ஆனாலும் மனதில் ஏதோ ஒரு வெறுமை…'

(அடித்துவிட்டேன். வெறுமை என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது.)

பிறகு, அடுத்த ஞாயிறு அவரே சொன்னது இது. பதினோரு வருடங்களுக்கு முன், சனத்நகரில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு வரைபடத்தில் அளவைத் தப்பாகப் போட்டார். நாற்பது வால்வுகள் வீணாயின. விசாரணையில் பழி கிட்டுவின் மேல் விழுந்தது. தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட சிநேகிதர். சீனிவாசன் வாயைத் திறக்கவில்லை. கிட்டுவுக்கு வேலை போயிற்று.

3

அன்று வகுப்பு முடிந்ததும் சீனிவாசன் நேரே நாச்சாரம் போனார். அங்கே கிட்டு சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

"என்ன, வழி தவறிட்டியா?"

"என்கிட்ட என்ன குறைன்னு நீ சொல்லணும், கிட்டு."

"கைக்கு?" என்றார் கிட்டு, எங்கள் ஊர் உருதுவில் 'எதுக்கு' என்று. "உனக்கே தெரியாதா?"

"தெரியும். உன் வாயால கேக்கணும்."

கிட்டு லேத்தை நிறுத்தினார். "தப்புப் போட்டே, போகட்டும். நான் எழுந்து வெளிய போறச்சே ஃபைலைப் பாக்கற மாதிரி தலையைக் குனிஞ்சுண்டியே, அதுதான் ஆறலை. இப்பவும் நீ நன்னா இருக்கணும்னுதான் வந்திருக்கே. எனக்காக இல்லை."

(இங்கே இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். நட்பு யாருக்காக என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.)

4

"ஹவ், ஆமா, எனக்காகத்தான் வந்தேன்" என்றார் சீனிவாசன். "உனக்காக என்ன பண்ணட்டும்?"

"அன்னிக்கு அந்த விசாரணை ரூம்ல நம்மைத் தவிர ஆறு பேர் இருந்தா. அவாகிட்ட சொல்லு."

அங்கிருந்தே ஐந்து பேருக்குப் போன் செய்து, தப்பு தன்னுடையது என்று சொன்னார். ஆறாவது பிரசன்னா. அன்று ஜூனியர், இன்று சீனிவாசனுக்கே மேலதிகாரி.

இதுவரைதான் என்னிடம் சொன்னார். பிறகு வகுப்புக்கு வரவில்லை.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பேசிவிடுகிறார், அவர் நல்லவராக இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசை. மற்றதில் போனைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். கதை ஆழமாக இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசை. இரண்டுமே எனக்காக எழுதியவை.

கிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். சீனிவாசனின் விரல் பிரசன்னா என்ற பெயருக்கு மேலே நிற்கிறது. இனி நீங்கள் எழுதுங்கள், கிட்டுவுக்காக.