லாக்கர் மாமாவின் ரகசிய ஸ்விட்ச்

என் அக்கா புருஷனைப் போல ஒரு வாய்ச்சவடால் பேர்வழியை நான் பார்த்ததில்லை. கார் திருட்டு என்று யாராவது முணுமுணுத்தால் போதும், ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எங்கள் குடியிருப்பில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘லாக்கர்’. அது கிண்டல் என்று இன்றுவரை அவருக்கு உறைக்கவில்லை. ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

இத்தனைக்கும் கார் அவருடையதே இல்லை. அக்கா உழைத்து வாங்கியது. அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், கை கால் இழுத்துக்கொண்டு படுத்துக் கிடப்பவர்களை எழுப்பி நடக்க வைப்பாள். அவளுடைய மெஷின், வயர்கள், நடைப்பயிற்சிக் கம்பிகள் எல்லாம் டிக்கியில்தான் கிடக்கும். அந்தக் கார் போனால் அவள் பிழைப்பே போச்சு.

அதற்கு லாக்கர் பூட்டிய பூட்டுகளைக் கேளுங்கள். ஸ்டியரிங்குக்குக் குறுக்கே மஞ்சள் நிறத்தில் ஓர் இரும்புக் கம்பி. கியருக்கு ஒரு பூட்டு. சக்கரத்துக்கு ஒரு கவ்வி. கார் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டுகிற ட்ராக்கர். எல்லாவற்றுக்கும் மேலே, இன்ஜினுக்குப் பெட்ரோல் போகாமல் தடுக்கிற ரகசிய ஸ்விட்ச், டிரைவர் சீட்டுக்கு அடியில். தினமும் காலையில் அக்கா ஒவ்வொன்றாகத் திறப்பதற்குள் நோயாளி வீட்டிலிருந்து போன் வந்துவிடும். “கிளம்பிட்டேங்க, பூட்டத் திறந்துட்டு இருக்கேன்” என்று கெஞ்சுவாள்.

பூட்டியதோடு மனுஷன் சும்மா இருந்தாரா? ரகசிய ஸ்விட்ச் என்றால் ரகசியமாக வைத்திருக்க வேண்டாமா? தண்ணீர் கேன் போடுபவருக்குத் தெரியும், இஸ்திரிக்காரருக்குத் தெரியும், மேல் வீட்டு டீச்சருக்கும் தெரியும். யாராவது “அட!” என்று வாயைப் பிளந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைப் பிளந்தவன் ஒரு வெள்ளைச் சட்டைக்காரன். இதே மாடல் கார் வாங்கப் போகிறானாம். திருட்டுப் பயம் தாங்கவில்லையாம். “சார் மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க நாலு வார்த்த சொன்னா நல்லாருக்கும்” என்றான். போதாதா? லாக்கர் சாவியோடு கீழே ஓடினார்.

நான் அக்கா வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பாடம் நடந்தது. கவ்வியைக் கழற்றிக் காட்டினார். கம்பியைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டார். கியர் பூட்டைத் திறந்தார். ட்ராக்கர் எந்த மூடிக்குப் பின்னால் என்று தட்டிக் காட்டினார். அவனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சாவியையும் கையில் கொடுத்து, ஸ்விட்சைத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

“பிரமாதம் சார்! அந்தக் கம்பி எந்தக் கடையில வாங்கினீங்க? பில்லு இருக்குமா?” என்று அவன் கேட்டான்.

“ஒரு நிமிஷம் இருங்க, மேல போய் எடுத்துட்டு வரேன்” என்று இவர் படியேறி வந்துவிட்டார். உள்ளே வந்து அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கும்போதே கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

சமையலறையிலிருந்து அக்காவும் ஓடி வந்தாள், மூன்று பேரும் பால்கனியில் நின்று பார்த்தோம். கார் வாசல் கேட் வரை போய் இருமி நின்றுவிட்டது. அத்தனை பாடம் எடுத்தும் அந்த மரமண்டைக்கு ஸ்விட்ச் மறந்துவிட்டது! திருடனுக்குக்கூட ஒரு லட்சணம் வேண்டாமா?

“ஐயோ, என்னங்க, கார்!” என்று அக்கா அலறினாள்.

“ஓட்டிப் பாக்கறாரு, நீ சும்மா இரு” என்று அவளை அடக்கிவிட்டு, லாக்கர் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் கீழே எட்டிக் கத்தினார். “சார், சீட்டுக்கு அடியில! ஸ்விட்ச மேல தள்ளுங்க! மேல!”

அவன் தள்ளினான். கார் உறுமியது. ஜன்னல் வழியே நன்றியாகக் கையைக்கூட ஆட்டிவிட்டுத்தான் போனான். இவரும் பதிலுக்குக் கையை ஆட்டினார். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நாளைக்கு அந்தப் பெரியவர் வீட்டுக்கு எதை எடுத்துட்டுப் போவேன்? இப்பதான் வெரல அசைக்க ஆரம்பிச்சாரு” என்று அழுதாள். போனைத் திறந்தால் ட்ராக்கர் அடுத்த தெரு முனையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். கார் இல்லை, ட்ராக்கர் மட்டும் குப்பைத் தொட்டிக்குள் கிடந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். சாயங்காலமே கூப்பிட்டார்கள். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் கார் அநாதையாக நிற்கிறதாம். பெட்ரோல் காலி. போடச் சொல்லி அக்கா ஒரு வாரமாகத் தொண்டை கிழியக் கத்தியும் இவர் போடாத பெட்ரோல். மெஷின்கள் எல்லாம் டிக்கியில் அப்படியே இருந்தன. போனது அந்த மஞ்சள் கம்பி மட்டும்தான்.

லாக்கருக்கு வந்ததே வீரம்! “பாத்தீங்களா? டேங்க எப்பவும் காலியாவே வச்சிருப்பேன். அதுதான் என்னோட கடைசிப் பூட்டு” என்று இன்ஸ்பெக்டரிடமே அளந்தார். இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா மெஷினைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவளே மெக்கானிக்கிடம் காரை எடுத்துக்கொண்டு போனாள். கவ்வி, கியர் பூட்டு எல்லாவற்றையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டாள். ஸ்விட்சை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னாள்.

சாயங்காலம் லாக்கர் கடைக்குப் போகக் காரை எடுத்தார். கிளம்பவில்லை. சீட்டுக்கு அடியில் தடவினார், மிதியடியைத் தூக்கினார், டாஷ்போர்டுக்குள் தலையை விட்டார். வேர்த்து விறுவிறுத்துப் படியேறி வந்தார்.

“ஸ்விட்ச எங்க வச்சிருக்க? புருஷன்கிட்ட சொல்ல வேணாமா?”

அக்கா மெஷின் வயரைச் சுற்றிக்கொண்டே நிமிராமல் சொன்னாள். “திருடனுக்குத் தெரியக் கூடாதுங்க. அதனால உங்களுக்கும் தெரியக் கூடாது.”