துறவி மிளகு

என் தம்பி ஃபோல்க்மாருக்கு ஐம்பத்தாறு வயதில் ஒருவழியாக அன்னெகிரேட்டோடு கல்யாணம் கூடிவந்தது. லைப்சிக் நகரத்திலேயே அதற்கு என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. "நாலு நாள் தங்கிட்டுப் போறேன்க்கா" என்று பெட்டியோடு வந்தவன், ஆறு வருடமாக என் சோபாவைவிட்டு எழுந்திருக்கவில்லை. தின்ற தட்டைக்கூடக் கழுவமாட்டான். அவன் கிளம்பினால் குளிர்காலத்தில் என் தொட்டிகளை அந்த அறைக்குள் எடுத்து வைக்கலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். அது மட்டும் இல்லை, எனக்குப் பிறகு இந்தத் தடியன் தனியாகக் கிடந்து என்ன பாடுபடுவானோ என்ற பயமும் எனக்கு உண்டு.

என் பால்கனி தெற்குப் பார்த்தது. ஊறுகாய் வாளியில் புதினா, ஓட்டை விழுந்த சூப் பாத்திரத்தில் வயிற்று வலிக்குக் கெமோமில், தகரத் தொட்டியில் இருமலுக்குத் தைம் என்று கால் வைக்க இடம் இருக்காது. மூலையில், கொத்தனார்கள் சிமெண்ட் குழைக்கிற பெரிய கறுப்புத் தொட்டியில், நொச்சி வகைச் செடி ஒன்று என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. அடியில் ஓட்டை போட்டு, உடைந்த ஓடு பரப்பி, மண்ணில் மணல் கலந்தால்தான் அதற்கு வேர் அழுகாது. மிளகு மாதிரியே காய்க்கும், காரமும் கொஞ்சம் உண்டு. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் துறவி மிளகு. பெண்களுக்கு மாதாமாதம் வருகிற வலிக்கும் சிடுசிடுப்புக்கும் அதுதான் கைமருந்து. கட்டடத்துப் பெண்கள் கேட்டு வருவார்கள் என்று காயவைத்து, சீசாவில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, சமையலறை அலமாரியில் வைத்திருப்பேன். எதற்கான மருந்து என்று எழுதுவதில்லை. தம்பி நடமாடுகிற வீட்டில் அதையெல்லாமா எழுதி ஒட்டுவார்கள்?

அங்கேதான் வந்தது வினை. எங்கள் ஆட்களுக்குச் சீசாவின்மேல் ஒரு துறவி படம் இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். மடத்து பீர், மடத்து ரொட்டி, மடத்துச் சாராயம், எல்லாமே ஒசத்தி. அதிலும் ஃபோல்க்மார் முதல் ஆள். துறவி மிளகு என்று படித்ததும், ஏதோ மடத்தில் சாமியார்கள் விளைவித்த உயர்ந்த ரக மிளகு என்று அவனாகவே முடிவுகட்டியிருக்கிறான். மிளகு அரைக்கிற குப்பியில் கொட்டிக்கொண்டு, தினமும் முட்டைமேல் தூவித் தின்றிருக்கிறான். எனக்கு இது ஒன்றும் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தின மாலை, எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோரும் கீழே முற்றத்தில் கூடினோம். அவரவர் கொண்டுவந்த பழைய பீங்கான் தட்டுகளைத் தரையில் போட்டு உடைத்தார்கள். உடைந்ததைப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டும், அப்போதுதான் குடும்பம் நிலைக்கும். அள்ளுவதற்கு முன் சாப்பாடு. நம்ம மாப்பிள்ளை குப்பியும் கையுமாகக் கிளம்பினான்.

"எல்லாரும் தட்ட நீட்டுங்க! இது கடைச் சரக்கு இல்ல, மடத்துச் சாமியாருங்க சாப்பிடுற மிளகு! அக்கா ஒளிச்சு வச்சிருந்தா, நான் கண்டுபிடிச்சுட்டேன்."

நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். "டேய், எந்தச் சீசாவுலேருந்துடா எடுத்தே?"

"துறவி மிளகு. நாலு மாசமா தின்னுட்டிருக்கேன்!"

பக்கத்தில் இருந்த லிண்டிஷ், மருந்துக்கடை வைத்து ஓய்ந்தவர், வாயிலிருந்த உருளைக்கிழங்கு தெறிக்கச் சிரித்தார். "அடப்பாவி! சாமியாருங்க அத ஏன் தின்னாங்கன்னு தெரியுமா? பொம்பள நெனப்பே வரக்கூடாதுன்னுதான்! நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு இதையா தின்னே?"

"மாப்பிள்ளைக்குச் சாமியார் அங்கி தச்சாச்சா?" என்று இன்னொருவர் கத்தினார். முற்றமே குலுங்கியது.

ஃபோல்க்மார் சிரிக்கவில்லை. குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"திருடித் தின்னவனுக்கு நான் நோட்டீஸ் அடிச்சு ஒட்டணுமா? எழுந்திருடா, அதெல்லாம் பழங்கதை. தின்னா ஒண்ணும் ஆகாது."

"ஆயிடுச்சுக்கா. நேத்து சினிமாவுல அன்னெகிரேட் என் தோள்ல சாஞ்சா. எனக்குத் தூக்கம் வந்துச்சு."

"நீ பொறந்ததுலேருந்தே தூங்குமூஞ்சிதானேடா!"

"இல்லக்கா, அவள ஏமாத்தக் கூடாது. கல்யாணம் வேணாம்னு நீயே சொல்லிடு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைக்கு எட்டியதைக் கேவலம் ஒரு முட்டைக்காக இந்த மடையன் தொலைக்கப் போகிறானே! இரண்டு அறை விடலாமா என்று யோசிக்கும்போது அன்னெகிரேட் விளக்குமாறும் முறமுமாக வந்து நின்றாள். தபால் வண்டி ஓட்டுகிறவள், குரல் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"என்ன, அத்தனையும் நான் ஒருத்தியே கூட்டணுமா?"

அவன் தலையைத் தூக்காமல் குப்பியை நீட்டினான். "அன்னெகிரேட், நான் சாமியார் ஆயிட்டேன்போல. தெரியாம தின்னுட்டேன்."

அவள் கொஞ்சம் உள்ளங்கையில் அரைத்து முகர்ந்து பார்த்தாள்.

"இதுவா? அட பைத்தியக்காரா! மாசாமாசம் வலிக்கு நான் வருஷக்கணக்கா இதத்தான் முழுங்கிட்டிருக்கேன்." குரலை அவள் கொஞ்சமும் தணிக்கவில்லை. முற்றத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது. "அத்தனையும் முழுங்கியும் ஒன்னப் பாத்த அன்னிக்கே எனக்கு ஆசை வந்துச்சு. அதுக்கு என்ன சொல்றே?"

லிண்டிஷ் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோல்க்மாரின் காது இரண்டும் சிவந்துபோயின. எந்தச் சாமியாருக்கும் அப்படிச் சிவந்திருக்காது. எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். அவள் முறத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நான் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கூட்டவே தெரியவில்லை அவனுக்கு, பாதிச் சில்லு செருப்புக்கடியில் போனது. ஆனாலும் என் வீட்டில் ஆறு வருடம் இருந்தவன் விளக்குமாறு பிடித்து அன்றுதான் பார்த்தேன்.