பிலிம் டப்பாவில் உண்ணி

ஸுபத்ரா சென்னையில் ஆராய்ச்சி செய்தது மாட்டு உண்ணியைப் பற்றி. ரத்தத்தோடு உள்ளே போகும் மாட்டின் சர்க்கரையை உண்ணி எப்படித் தனதாக்கிக்கொள்கிறது, தன் எச்சிலிலும் அதை ஒட்டவைத்துக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. கேட்கும்போதே நமக்கு உடம்பு அரிக்கும். ஆனால் அவள் அப்பா பாச்சாவுக்கு அதில் அப்படியொரு பெருமை. சின்ன காஞ்சிபுரத்தில் பால்காரரிலிருந்து பட்டாச்சாரியார் வரை நிறுத்திவைத்து விளக்குவார்.

பாச்சா கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை சமைப்பவர். மடி, ஆசாரம் என்றால் அவ்வளவு மடி. அந்த மனுஷர்தான் மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பசுவின் காதோரம் உண்ணி பொறுக்கி, மூடியில் ஓட்டை போட்ட பிலிம் டப்பாவில் சேர்த்துவைப்பார். பிறகு இரண்டு தடவை குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸுபத்ராவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையன் ஸ்ரீவர்தனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவனுடைய பெரியப்பா சொஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எதுல ரிசர்ச் பண்றே கொழந்தே?"

பின்கட்டிலிருந்து அப்போதுதான் பாச்சா வந்தார். கையில் டப்பா. எல்லோருக்கும் காட்டத்தான் எடுத்து வந்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஸுபத்ராவுக்குப் பகீரென்றது. பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, நடுவில் உண்ணியா?

"சர்க்கரை பத்தி, மாமா."

"சர்க்கரை வியாதியா?"

"ஆமாம்."

அப்பா அவளைப் பார்த்தார். பார்வையில் கோபமே இல்லை. டப்பா இருந்த கையை மெல்ல மேல்துண்டுக்குள் இழுத்துக்கொண்டு, "ஆமாம், சர்க்கரைதான்" என்றார். அவர் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. வெட்கத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது.

பெரியப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அப்போ நீயே சொல்லு. ரொம்ப வருஷமா மாத்திரை முழுங்கிண்டிருக்கேன். அதை விட்டுட்டு வெறும் நாவப்பழக் கொட்டைப் பொடி போறுமோல்லியோ? நீ சரின்னா இன்னிக்கே நிறுத்திடறேன்."

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். ஸ்ரீவர்தனும்தான்.

"நிறுத்தாதீங்கோ மாமா," என்றாள். "நான் பொய் சொல்லிட்டேன். நான் படிக்கறது மாட்டு உண்ணி. அது உறிஞ்சற ரத்தத்துல இருக்கற சர்க்கரை. உங்க வியாதியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

வந்திருந்த மாமி ஒருத்தி புடவையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த டப்பாவைக் கொடுங்கோ. காட்டறேன்."

துண்டுக்குள் அவர் கை இறுகியது. மகளைப் பார்க்காமல் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எந்த டப்பாம்மா?" என்றார்.