ஏறிய தண்ணீர் இறங்கவில்லை

பட்டறையில் எனக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். நான் அதில் உட்காரவில்லை. அப்பாவும் உட்காரவில்லை. இரண்டு பேரும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பின் சீட்டில் அம்மா மட்டும் மகாராணி மாதிரி சாய்ந்திருந்தாள். பக்கவாதத்தில் இடது கால் போனதிலிருந்து அவளை வீட்டில் தனியாக விட முடியாது, அதனால் கூடவே தூக்கி வந்திருந்தோம்.

மதியத்துக்குள் அண்ணன் நேராகப் பட்டறைக்கே வருவதாகச் சொல்லியிருந்தான். வந்ததும் அம்மாவைத் தன் ஊருக்கு அழைத்துப் போய்விடுவான். அப்பா என் வீட்டில் இருக்க வேண்டியது. கல்யாணமான நாளிலிருந்து பிரிந்தே இராத இரண்டு பேரை ஒரு போன் பேச்சில் பங்கு பிரித்துவிட்டான். காரணம் இந்தக் கிழட்டுக் கார்.

அம்மாவைக் கால் பயிற்சிக்கு அழைத்துப் போவது அப்பாதான். அந்த வழியில் கார் இரண்டு முறை கொதித்து நின்றுவிட்டது. இரண்டாம் முறை அண்ணனும் வண்டியில் இருந்தான். ஆறும்வரை காத்திருந்து அவன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே பாதித் தண்ணீர்கூட இல்லை.

"தினமும் தண்ணி பாக்குறேன்னு சொல்றீங்களேப்பா?"

"பாக்குறேன்டா. இன்னைக்குக் காலையிலகூடப் பாத்தேன். நிறைய இருந்துச்சு."

"ஆமாடா, பாத்தாரு" என்றாள் அம்மா. அவள் சாட்சி எடுபடவில்லை. அவருக்காக அவள் எதையும் சொல்வாள் என்பது ஊரறிந்தது.

அதற்கு முந்தின மாதம்தான் அப்பா கார் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீட்டையே தலைகீழாக்கித் தேடினார். அண்ணன் இதையும் அதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான். "அவருக்கு ஞாபகம் போகுது. இன்னைக்குத் தண்ணி, நாளைக்கு பிரேக்கை மறந்தா?" என்று போனில் கேட்டான். நான் அவனைக் கிழிகிழி என்று கிழித்தேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அவன் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்?

அதனால்தான் காலையிலேயே காரை நான் ஓட்டிக்கொண்டு இங்கே வந்தேன். குற்றவாளி காரா அப்பாவா என்று அண்ணன் வருவதற்குள் தெரிய வேண்டும்.

மெக்கானிக் ஒழுங்கானவர்தான். மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தார், சுற்றியது. சூடானால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டார், சமர்த்தாகத் திறந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பை மாட்டிக் காற்றை அழுத்திப் பார்த்தார். அழுத்தத்தைக் காட்டும் முள் இறங்கவில்லை.

"எங்கயும் ஒழுகலை மேடம்."

"அப்ப தண்ணி எங்க போகுது?"

"ஊத்தினாத்தானே இருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு, அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தார். எஞ்சினுக்கு முந்திக்கொண்டு நான் கொதித்தேன். இவருக்கும் அண்ணன் போன் போட்டுவிட்டானா என்ன?

"ஒரு சுத்து ஓட்டிப் பாக்கலாம்" என்று நானே சாவியைப் பிடுங்கினேன். அம்மாவையும் வைத்துக்கொண்டு மேட்டுச் சாலையில் விரட்டிவிட்டுத் திரும்பினோம். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. வந்து நின்றதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, தினமும் எப்படிப் பாப்பீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க."

அவர் பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் துணியால் துடைத்தார். குனிந்து அதை விரலால் தட்டினார். "பாரு. நிறைய."

"ரேடியேட்டரைத் திறக்க மாட்டீங்களா?"

"அதைத் தொடவே மாட்டேன்."

"தொடட்டும் பாப்போம்!" என்று பின் சீட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

நான் பள்ளியில் படித்த காலத்தில், கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்து அப்பா முழங்கை வரை வெந்துபோனார். இனிமேல் அந்த மூடியைத் தொடக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டாள். சூடாக இருக்கும்போது தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குப் பாதி அளவில் சத்தியம் வாங்கத் தெரியாது. அப்பாவுக்கும் பாதி அளவில் காப்பாற்றத் தெரியாது. அன்றிலிருந்து பாட்டிலை மட்டும்தான் பார்த்து வருகிறார்.

மெக்கானிக் சிரித்தார். "பாட்டிலைப் பாத்தாலே போதும் சார், தப்பில்ல." சொல்லிக்கொண்டே குனிந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பாட்டிலில் தண்ணீர் கழுத்துவரை தளும்பியது. "இது எப்பவுமே இவ்வளவு இருக்குமா?"

"குறையவே குறையாது" என்றார் அப்பா பெருமையாக.

"காலையில, ஆறிப்போய் இருக்கும்போதும்?"

"அப்பவும்தான்."

"குறையணுமே சார்!" மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். "சூடானா தண்ணி பெருகி இந்தப் பாட்டிலுக்கு வரும். ஆறினா ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கும். ஏறினது இறங்கணும். இது ஏறுது, இறங்கலை."

தண்ணீர் நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கச் சொன்னார்.

காத்திருப்பதற்கும் எனக்கும் ஆகவே ஆகாது. வாசலுக்கும் காருக்குமாக நடந்தேன். பானெட்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. மறுபடி நடந்தேன், மறுபடி வைத்தேன். "அடிக்கடி தொட்டா சீக்கிரம் ஆறிடுமா?" என்றாள் அம்மா. ஊருக்குள் நுழைந்துவிட்டதாக அண்ணன் போன் செய்தான். மெதுவாக வா என்று வாழ்க்கையில் முதன்முறையாக அவனிடம் அன்பாகச் சொன்னேன். அப்பா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் ஆறியது. தண்ணீர் கோட்டை விட்டு நகரவில்லை.

மெக்கானிக் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். ரேடியேட்டர் கழுத்தோரம் காதை வைத்தார். ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம் வந்தது. பாட்டிலுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயின் கிளிப்பை நகர்த்தினார். அதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குழாய் வெடித்திருந்தது.

"தண்ணியை உறிஞ்சறதுக்குப் பதிலா இது வழியாக் காத்தை உறிஞ்சுது. ஓட ஓட ரேடியேட்டர் காலியாகுது, பாட்டில் ரொம்புது. சார் பாத்ததும் நிஜம், உங்க அண்ணன் பாத்ததும் நிஜம்."

எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அப்பா தேடிப்போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப வண்டிதானே?" என்று கேட்டார். "நான் இல்லையே?"

"வண்டிதான் சார். ஒரு சாண் குழாய்" என்றார் மெக்கானிக். கேள்வி அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. 

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து இறங்கினான். அவன் வாயைத் திறக்கும் முன்பே வெடித்த குழாயை அவன் மூக்குக்கு நேராக ஆட்டினேன். நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பழைய குழாயை அளக்க எங்கள் வண்டியில் டேப் இருக்கிறதா என்று கேட்டார் மெக்கானிக். டிக்கியைத் திறந்தேன். உள்ளே அம்மாவின் பை, வாய் கட்டி, பயணத்துக்குத் தயாராக இருந்தது.

"அதுக்குள்ள பையைக் கட்டச் சொல்லிட்டியா? உனக்கு மனசாட்சியே இல்லையாடா?"

"நான் எதுவும் சொல்லலை." அண்ணனின் குரல் இறங்கியிருந்தது. "நீ திட்டினதும் நான் விட்டுடலாம்னுதான் இருந்தேன். நேத்து அப்பாதான் போன் பண்ணினாரு. 'வந்து கூட்டிட்டுப் போயிடுடா, நான் இவளை எங்கயாவது கொண்டுபோய் மோதிக் கொன்னுடுவேன்'னு அழுதாரு."

அப்பா எழுந்து வந்து பையைக் கையில் எடுத்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"என் பையை என்னைக் கேக்காம யாரு கட்டினது?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"நான்தான்."

அம்மா ஜன்னல் வழியே பையைப் பார்த்தாள்.

"என் கண்ணாடி?"

"வெச்சேன்."

"ராத்திரி மாத்திரை?"

"வெச்சேன். காலுக்குத் தடவுற தைலம், நீ தலைக்கு வெச்சுக்கற அந்தச் சின்னத் தலகாணி, எல்லாம் வெச்சேன்." அப்பாவின் குரல் உடைந்தது. "ஒண்ணுகூட மறக்கலை."

அண்ணன் அவர் கையிலிருந்து பையை வாங்கி, தரையில் உட்கார்ந்து திறந்து பார்த்தான். எல்லாம் இருந்தது.