மண்டபத்தில் இறங்கிய சர்க்கரை

ஒரு விஷயம் விளங்கவில்லை என்றால் சரளாவுக்கு மண்டை குடைந்துகொண்டே இருக்கும். இப்போது குடைந்தது அவள் கணவர் அர்ச்சுனனின் சர்க்கரை.

கோலா கங்சாருக்குப் பக்கத்தில், ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டம் அது. ஈப்போவிலிருந்து ஒரு பல்கலைக்கழகக் குழு மாதம் ஒருமுறை கோயில் மண்டபத்துக்கு வந்து, மூலிகை இலைகளைக் காயவைத்துத் தேநீர்ப் பொட்டலம் போடப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அதைக் குடிக்கும் வீட்டுக்காரர்களின் விரலைக் குத்திச் சர்க்கரையும் பார்த்தார்கள். எந்தத் தேநீரில் பலன் தெரிகிறதோ அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய், சரியாக வந்தால் விற்பனைக்கும் வழிசெய்வதாக விரிவுரையாளர் டாக்டர் மாதுமை சொல்லியிருந்தார். சரளாவின் முருங்கை இலைத் தேநீர்தான் முன்னால் நின்றது. அர்ச்சுனனின் சர்க்கரை மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அரசாங்க கிளினிக்கிலிருந்து, மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. இறங்குவதாவது, போன முறையைவிட ஏறியிருந்தது.

ஒரே மனிதர், ஒரே ரத்தம். மண்டபத்தில் ஒரு கணக்கு, கிளினிக்கில் வேறு கணக்கா? சரளா இலையைச் சந்தேகப்பட்டாள். மண்டபத்து மெஷினைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் ஆளையே கவனிக்கத் தொடங்கினாள்.

அடுத்த பரிசோதனை நாள் மதியம், கமுந்திங் தொழிற்சாலையில் இரவெல்லாம் ஜாகாவாகக் காவல் பார்த்துவிட்டு வந்து தூங்கி எழுந்த அர்ச்சுனனுக்குச் சோறு போட்டாள். துணி எடுக்கப் போவதுபோல் வெளியே போய், வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். அர்ச்சுனன் தட்டோடு நின்று மீன்கறிச் சோற்றை நாய்க்கு வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கை வெடவெடவென்று நடுங்கியது. பனியன் வியர்வையில் நனைந்திருந்தது.

"என்னாங்க இது?"

அவர் திருட்டு முழி முழித்தார். "ரெண்டு நாளா சர்க்கர மாத்திர மட்டுந்தான் போடுறேன். சோறு தின்னா ஏறிடும்லா."

"மாசா மாசம் இப்படித்தானா?"

"ஒன்னோட தேத்தண்ணி ஜெயிக்கணும்ல."

சரளாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருந்ததால் முதலில் சீனியைக் கரைத்துக் குடிக்க வைத்தாள். நடுக்கம் அடங்கியதும் மறுபடி சோறு போட்டு, தட்டு காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நாய்க்கு இரண்டாம் பந்தி கிடைக்கவில்லை.

சாயங்காலம் மண்டபத்தில் அர்ச்சுனனின் விரலைக் குத்திய மாதுமை மெஷினைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "அக்கா, இவ்வளவு ஏறிருக்கே. என்ன நடந்துச்சு?"

ஏதாவது பொய் சொல்லிவிடலாமா என்று மனசு ஒரு கணம் அலைபாய்ந்தது. தேநீர் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தேதான் சரளா வாயைத் திறந்தாள்.

"டாக்டர், இன்னிக்குத்தான் இவரு சாப்பிட்டு வந்திருக்காரு. இதுக்கு முன்னாடியெல்லாம் பட்டினி. என் தேத்தண்ணி ஒன்னும் கிழிக்கல."

மாதுமை கோபப்படவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எப்பவும்போல சாப்பிட்டுட்டு வாங்கன்னுதானே எல்லாருக்கும் சொன்னேன்? இன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டவங்க கை தூக்குங்க."

அர்ச்சுனன் மட்டும் கை தூக்கினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தேநீர் போட்ட பெண்கள் அவரவர் வீட்டுக்காரர் பக்கம் மெல்லத் திரும்பினார்கள்.

மாதுமை மெஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"எல்லாத் தேத்தண்ணியையும் அடுத்த மாசம் மொதல்லருந்து பார்ப்போம்," என்றார். "இப்ப எல்லாரும் இவங்களக் கூட்டிட்டுப் போயி சோறு போடுங்கக்கா."