ஷொமாரி தோற்ற ஆட்டங்கள்

பழ வண்டியின் மேல் பஸ்ஸை விட்டவன் நானேதான். பழியை வேறு யார் மீதாவது போட முடியுமா என்று பார்த்தேன். வண்டி நிறைய சாட்சிகள் உட்கார்ந்திருந்தார்கள். காலையில், கரியாக்கூ நிறுத்தத்தில் ஆள் ஏறிக்கொண்டிருந்தபோது, ஸ்டியரிங்கின் மேல் கொஞ்சம் தலையைச் சாய்த்தேன். கால் பிரேக்கை விட்டு எப்போது நழுவியது என்று காலுக்கே தெரியாது. என் டாலாடாலா மினிபஸ், கல்யாணத்துக்குத் தாமதமாக வந்த பெரிய அத்தையைப் போல, அவசரமே இல்லாமல் அசைந்து போய், முன்னால் நின்ற தள்ளுவண்டியைச் சாய்த்துவிட்டு நின்றது. ரோடு முழுக்கப் பச்சை ஆரஞ்சு. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"டிரைவர் தம்பி, நாங்க சத்தம் போட்டு எழுப்பிட்டோமா?" என்றாள் பின் சீட்டு அம்மா ஒருத்தி. "மன்னிச்சுக்கப்பா."

வண்டி முதலாளி அவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை. "இன்னொரு தடவை தூங்கினா வீட்டுலயே தூங்கிக்க, ஹெமேதி. ஓட்டுறதுக்கு வேற ஆள் இருக்கான்."

காரணம் எனக்கும் தெரியும், என் மனைவி ஸுஹுராவுக்கும் தெரியும். விடியுமுன் வண்டி எடுப்பவன் நான். சாயங்காலம் மகொமேனி வீட்டுக்குத் திரும்பும்போது உடம்பு அடித்துத் துவைத்த துணி மாதிரி இருக்கும். ஆனால் போனைக் கையில் எடுத்துவிட்டால் களைப்பே தெரியாது. யாரோ போட்ட கோல், யாரோ வழுக்கி விழுந்தது, டிரைவர்கள் குழுவில் யாரோ யாரையோ திட்டியது, இப்படியே கண் எரியும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். களைப்பு தெரியாமல் இருந்ததே தவிர, எங்கேயும் போகவில்லை. கரியாக்கூவில் எனக்காகக் காத்திருந்தது.

அன்றைக்கே ஸுஹுரா போனை வாங்கித் தன் காங்காத் துணிகள் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"சாயங்காலத் தொழுகை முடிஞ்சா இது தூங்கும். காலையில வண்டிக்குப் போறப்ப தர்றேன். நீங்களும் தூங்கப் பழகுங்க, நஸ்ரா அப்பா."

பழகுவது அத்தனை சுலபமாக இல்லை. உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்து உட்காரச் சொன்னாள். கால் ஓய்வெடுத்தது, கட்டை விரல் மட்டும் முழங்காலின் மேல் எதையோ மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. ரேடியோ கேட்டேன். சாவு அறிவிப்பு படித்தார்கள், தெரிந்தவர் பெயர் வருமோ என்று விறைத்து உட்கார்ந்திருந்தேன். முற்றத்தில் பாய் விரித்து வானத்தைப் பார்த்துப் படுத்தேன். பக்கத்து வீட்டு ஆடு வந்து பாயின் ஓரத்தைத் தின்றது. அரிசியில் கல் பொறுக்கினால் மனசு அடங்கும் என்று முறத்தை மடியில் வைத்தாள். அன்று சாப்பிடும்போது எல்லார் பல்லிலும் கல் கடிபட்டது. முறம் திரும்பவும் அவள் மடிக்கே போனது.

அந்த நிலையில்தான் ஷொமாரி வந்து கூப்பிட்டான். எங்கள் தெருமுனையில் கரி விற்பவன், என் வயதுக்காரன், சிநேகிதன். இந்தக் கடைசிச் சொல்லை இப்போது எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது.

"சும்மா உக்காந்து பொண்டாட்டியோட அரிசியைப் பாழாக்காத. வா, ஒரு ஆட்டம் போடலாம்."

காபிக்காரரின் பித்தளைப் பானைக்குப் பக்கத்தில், வாதுமை மரத்தடியில் பாவோப் பலகை கிடக்கும். நான்கு வரிசைக் குழி, அதில் ஆளுக்கொரு வீட்டுக் குழி, வழவழவென்ற கழற்சிக்கொட்டை. எதிராளியின் கொட்டைகளைப் பிடித்துப் பிடித்து நம் பக்கம் விதைத்துக்கொண்டே போக வேண்டும். எவனுடைய முன்வரிசை காலியாகிறதோ அவன் தோற்றான். சின்ன வயதில் ஆடியது. கை மறந்திருக்கும் என்று நினைத்தேன். முதல் நாளே ஜெயித்தேன்.

ஷொமாரி கரிக்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான். "வீட்டுக் குழியைக் காப்பாத்தாம விட்டுட்டேனே. உன்கிட்ட இப்படி ஒரு மூளை இருக்குன்னு யாருமே சொல்லலையேப்பா."

அன்று வீட்டுக்கு வந்து, எப்படிப் பிடித்தேன், எந்தப் பக்கத்திலிருந்து விதைத்தேன் என்று ஸுஹுராவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனேன். மறுநாளும் ஜெயித்தேன், மறுநாளும் தூங்கினேன். கொட்டைகள் குழியில் விழும் அந்தச் சத்தம், சூடான சின்னக் கோப்பைக் காபி, எதிரே ஒருவன் பரிதாபமாகத் தோற்பது. இந்த மூன்றுக்கும் ஈடான மருந்தை நான் கண்டதில்லை. பெட்டியில் கிடந்த போன் நினைவுக்கே வரவில்லை. டாலாடாலா நேராக ஓடியது. கண்டக்டர் சாண்டே, நான் கொட்டாவி விடுகிறேனா என்று கண்ணாடியில் பார்ப்பதை நிறுத்தினான்.

தலையும் கொஞ்சம் பெருத்தது, மறைக்க மாட்டேன். ஷொமாரிக்கே யோசனை சொல்லத் தொடங்கினேன். "நீ ரொம்ப ஆசைப்படுற. அதான் உன் குறை." அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். காபிக்காரர் திரும்பிக்கொண்டு பானையைத் துடைத்தார். சுத்தமான பானையை ஏன் இத்தனை முறை துடைக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை வண்டி பிரேக் வேலைக்கு ஒர்க்‌ஷாப் போனது. நல்ல ஆட்டக்காரர்கள் இருப்பது தெமேகேயில்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். தங்கள் ஊரில் இப்படி ஒருவன் இல்லையே என்று அவர்கள் ஏங்கட்டும் என்று கிளம்பினேன்.

"அவ்வளவு தூரம் எதுக்கு?" என்றாள் ஸுஹுரா. "ஷொமாரி அண்ணன் இங்கயேதான இருக்காரு. அவரோடயே ஆடுங்களேன்."

"அவனை ஜெயிச்சு ஜெயிச்சு அலுத்துப்போச்சு."

அவள் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, தேங்காய் துருவப் போய்விட்டாள்.

தெமேகேயில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் மீன் பொரித்து விற்கும் ஒரு பெரிய உடம்புக்காரர். விரலில் இன்னும் எண்ணெய் வாடை. அவர் கை பலகையின் மேல் போனதைத்தான் பார்த்தேன். என்ன செய்தது என்று பார்க்க முடியவில்லை. ஓட்டுக் கூரையில் மழை பெய்வது போல ஒரு சத்தம் கேட்டது. சத்தம் நின்றபோது என் முன்வரிசை காலி. ஒவ்வொன்றாக இறக்கி விளையாட வைத்திருந்த கொட்டையில் பாதி இன்னும் என் கையிலேயே இருந்தது. கையில் கொட்டை இருக்கும்போதே தோற்பது எங்களிடையே தெருவில் வேட்டி அவிழ்வதற்குச் சமம்.

"தம்பி, இதுக்கு முன்னாடி யாரோடயாவது ஆடியிருக்கியா? இல்ல இன்னிக்குத்தான் பலகையைப் பாக்குறியா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"மகொமேனி ஷொமாரியை தினமும் ஜெயிக்கிறவன் நான்."

சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். ஒருவன் சிரிப்பு தாங்காமல் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"கரிக்கார ஷொமாரியா?" என்றார் மீன்காரர். "ஞாயித்துக்கிழமைதோறும் இங்க வந்து எங்க எல்லாரையும் துவைச்சு எடுத்துட்டுப் போறானே, அவனா? உன்கிட்டயா தோத்தான்? என்ன, தூங்கிக்கிட்டே ஆடினானா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் கரி லோடு இறக்கப் போகிறேன் என்றுதான் என்னிடம் சொல்வான். அந்தக் கரி எந்த ஊர்க் கரி என்று அப்போது தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எத்தனை விதமாக அடித்துக்கொண்டான்! ஒரு நாள் பலகையைக் கவிழ்க்கக்கூடப் போனான், அத்தனை வருத்தம். நான் போய் அவன் தோளைத் தட்டி, பரவாயில்லைப்பா, நாளைக்கு ஜெயிப்பே என்று ஆறுதல் சொன்னேன். அதை நினைத்தபோது காது சுட்டது. பிரேக்கை விட்டுக் கால் நழுவி வண்டி நகர்ந்த அன்றைக்குக்கூட இப்படி இல்லை. அன்று விழுந்தது ஆரஞ்சுதான். இன்று விழுந்தது, உலகத்தில் நானாகச் சம்பாதித்த ஒரே பெருமை. தொட்டிலை ஆட்டுவது போல என்னை ஆட்டித் தூங்க வைத்திருக்கிறார்கள். தெருவே சேர்ந்து.

முதலில் காபிக்காரரிடம் போனேன். "பெரியவரே, உங்களுக்குத் தெரியுமா?"

"காபி இப்பதான் இறக்கினேன். நல்லா சூடா இருக்கு, குடி."

வீட்டுக்குப் போனேன். ஸுஹுரா என் முகத்தைப் பார்த்த உடனே சோற்றுத் தட்டை எடுத்து முன்னால் வைத்தாள்.

"நீதான் அவனைத் தோக்கச் சொன்னியா?"

"ஆறிடும், சாப்பிடுங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"வந்து கூப்பிடச் சொன்னேன், அவ்வளவுதான். தோக்குறதெல்லாம் நான் எங்க சொல்லிக் குடுத்தேன், எனக்கு ஆட்டமே தெரியாது. அதை அவர்கிட்டயே கேளுங்க." பிறகு மெதுவாக, "கோவப்படாம கேளுங்க."

கோபப்படாமல் கேட்க முடியவில்லை. ஷொமாரி கடையில் மூட்டையைப் பிரித்து டின்னில் கரி அளந்துகொண்டிருந்தான்.

"தெமேகே போயிருந்தேன்."

அவன் கை நின்றது. உடனே மறுபடியும் அளக்கத் தொடங்கியது. "பஸ்ஸு கூட்டமா இருந்துச்சா?"

"ஷொமாரி."

"வெயில்ல அலைஞ்சிருக்க. உக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

"ஒரே ஒரு ஆட்டமாவது நானா ஜெயிச்சேனா?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு. விளையாட்டுதானப்பா."

"உனக்கு விளையாட்டு. நான் வீட்டுல போய் ஒவ்வொரு ஆட்டத்தையும் சொல்லியிருக்கேன். வண்டியில சொல்லியிருக்கேன். முதலாளிகிட்டகூடச் சொன்னேன். ஊரே சிரிச்சிருக்கு, நீ முன்னாடி நின்னு சிரிச்சிருக்க." ஒரு கரித்துண்டை எடுத்து மூட்டைமேல் எறிந்தேன். "என் மேல உனக்கு இவ்வளவு பரிதாபமா? கண்ணைப் பார்த்துச் சொல்லு. ஒண்ணாவது?"

ஷொமாரி டின்னைக் கீழே வைத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு என் கண்ணைப் பார்த்தான்.

"இல்ல. ஒண்ணுகூட இல்ல."

நான் அவன் கரிமூட்டையின் மேலேயே உட்கார்ந்தேன்.

"ஏன்?"

"பள்ளிக்கூட யூனிஃபார்மைப் பார்த்தா எந்த டாலாடாலாவும் நிக்க மாட்டேங்குது, ஹெமேதி. பாதி டிக்கெட்டுக்கு எதுக்குன்னு அழுத்திட்டுப் போயிடுறாங்க. நீ ஒருத்தன்தான் நிறுத்தி ஏத்துற. என் பொண்ணு தினமும் உன் வண்டியிலதான் பள்ளிக்கூடம் போறா. பரிதாபமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ தூங்கினாத்தான் நான் தூங்க முடியும். அதான் தோத்தேன்."